மங்கோலியச் சீமாட்டியின் கூடாரம்

குன்றத்தூரில் பிறந்தவர் சேக்கிழார். மார்கழிக் காலைப் பனிமூட்டத்துக்கு மேல் குளிரறியாத தொண்டை நாட்டில் இருந்துகொண்டு, பெரியபுராணத்தைக் கயிலை மலையின் சிறப்பில் தொடங்கினார் அவர். திருநாவுக்கரசர் கயிலைக்கு நடந்த கதையும் அந்த நூலில்தான் விரிகிறது. கால் தேய்ந்தபின் கையூன்றித் தவழ்ந்தார். கையும் தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்தார். அதுவும் முடியாமல் உருண்டார். கடைசியில் வழியிலிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். அங்கேயே கயிலைக் காட்சி கண்டார்.

சேக்கிழாருக்குச் சற்றேறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே மலையின் அடிவாரத்தைக் குளிர்காலத்தில் குதிரை மீது கடந்தார்கள் இரண்டு கத்தோலிக்கக் குருமார்கள். கயிலையையும் மானசரோவரையும் நேரில் கண்டதாக அறியப்படும் முதல் ஐரோப்பியர்கள் அவர்கள்தான். இருவரில் இளையவரான இப்போலித்தோ தெசிதேரி, பத்தாண்டு கழித்துப் புதுச்சேரிக்கு வந்து தமிழ் படித்தார். அவரைப் பற்றியது இந்த வாரக் கட்டுரை.

லே வரை

தெசிதேரி 1684இல் இத்தாலியின் பிஸ்தோயா நகரில் பிறந்தவர். இயேசு சபையில் சேர்ந்து, 1712இல் ரோமிலிருந்து புறப்பட்டு, மறுவருடம் கோவாவில் இறங்கினார். அவர் கேட்டு வாங்கிய பணியிடம் திபெத். 1624இல் அந்தோனியோ தெ ஆந்திராதே என்ற இயேசு சபைக் குரு இமயத்தைத் தாண்டி, மறுவருடம் மேற்குத் திபெத்தின் சாபராங்கில் ஒரு மறைப்பணித் தளத்தை அமைத்திருந்தார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. அறுந்த அந்த இழையை மீண்டும் முடிச்சிடுவதுதான் தெசிதேரியின் நோக்கம்.

1714 செப்டம்பரில் டெல்லியிலிருந்து கிளம்பினார். துணைக்கு வந்த போர்த்துகீசியக் குரு மனுவேல் ஃப்ரெய்ரே வயதில் மூத்தவர். பயணத்துக்குத் தலைவரும் அவரே. நெடுங்காலம் இந்தியச் சமவெளி வெயிலில் பழகிய உடம்பு அவருடையது. குளிர்காலத்தில் கணவாய்கள் அடைபட்டுவிடும் என்பதால் ஸ்ரீநகரில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 1715 மே மாதம் புறப்பட்டு, சோஜி லா கணவாயைத் தாண்டி, ஜூன் இறுதியில் லடாக்கின் தலைநகரான லேயை அடைந்தார்கள்.

லடாக் மன்னர் நன்றாகவே வரவேற்றார். அங்கேயே தங்கிப் பணியைத் தொடங்க தெசிதேரி விரும்பினார். ஃப்ரெய்ரேக்கோ வந்த வழியே பனிக்கணவாய்களில் திரும்ப மனமில்லை. கிழக்கே போய் வேறொரு பாதையில் இந்தியாவுக்கு இறங்கிவிடலாம் என்று நினைத்தார். தலைவர் சொல்லுக்குக் கீழ்ப்படிவது சபையின் விதி. ஆகஸ்டில் இருவரும் கிழக்கு நோக்கிக் கிளம்பினார்கள். முன்னால் கிடந்தது மேற்குத் திபெத்தின் பெரும்பாழ்வெளி. குளிர்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

வெண்பாலையில் மூன்று மாதம்

அந்த நிலப்பரப்பின் உயரத்தை மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. ஊட்டியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். மானசரோவர் ஏரியின் நீர்மட்டமே சுமார் 4,590 மீட்டர். மரம் இல்லை, விறகு இல்லை, வாரக்கணக்கில் ஊரும் இல்லை. தனியாக நுழைந்த இரண்டு அயல்நாட்டவர் உயிரோடு மறுகரை சேர வழியே கிடையாது.

அவர்களைக் காப்பாற்றியவர் ஒரு பெண். மேற்குத் திபெத்தை லாசாவின் அரசர் லாசாங் கானுக்காக நிர்வகித்து வந்த மங்கோலிய ஆளுநர் இறந்துபோனார். அவர் மனைவியே பொறுப்பை ஏற்று நடத்தினார். பொறுப்பை ஒப்படைத்துவிட்டு லாசாவுக்குத் திரும்ப அவர் ஆயத்தமான நேரத்தில்தான், 1715 அக்டோபரில், கார்த்தோக் என்ற இடத்தில் இரண்டு குருமார்களும் அவர்முன் போய் நின்றார்கள். தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார்கள். அந்தச் சீமாட்டி பௌத்தர். வந்தவர்கள் தன் மதத்தை மறுத்துப் பேசப் போகிறவர்கள். ஆனாலும் கூட வரச் சொன்னார்.

பெரிய கூட்டம் அது: மங்கோலிய, திபெத்தியக் குதிரைவீரர்கள், ஏவலாட்கள், சுமை விலங்குகள். சீமாட்டியும் பணிப்பெண்களும்கூடக் குதிரை மீதே வந்தார்கள். பகல் முழுக்கப் பயணம், இரவில் உறைந்த தரையில் கூடாரம். அடுப்பெரிக்கச் சாணம். உணவு பெரும்பாலும் வறுத்த வாற்கோதுமை மாவும் வெண்ணெய் கலந்த தேநீரும். களைத்த குதிரைகள் ஒவ்வொன்றாக விழுந்து செத்தன.

ஒரு நாள் இரவு கூடாரம் அடித்த பிறகும் ஃப்ரெய்ரே வந்து சேரவில்லை. செய்தி கேட்ட சீமாட்டி உடனே குதிரைவீரர்களை வந்த வழியில் அனுப்பினார். பனியில் குதிரை விழுந்துபோக, அதன் உடல் சூட்டில் ஒண்டிக்கொண்டு உயிரைப் பிடித்துவைத்திருந்த அந்தக் குருவை அவர்கள் மீட்டுக்கொண்டு வந்தார்கள்.

இன்னொரு இடத்தில், மேகம் சூழ்ந்து முழுக்கப் பனி மூடிய மாமலை ஒன்றைத் தெசிதேரி பதிவு செய்கிறார். பத்மசம்பவர் தவமிருந்த இடம் என்று திபெத்தியர் அதைப் போற்றுவதையும், கடுங்குளிரிலும் பக்தர்கள் அதை வலம் வருவதையும் எழுதுகிறார். அந்த மலைதான் கயிலை.

1716 மார்ச் 18 அன்று கூட்டம் லாசாவை எட்டியது. அடுத்த மாதமே ஃப்ரெய்ரே நேபாளம் வழியாக இந்தியாவுக்கு இறங்கிவிட்டார். முப்பத்தொரு வயது தெசிதேரி மட்டும் தங்கினார். பின்னாளில் எழுதிய பயண நூலில் அந்தச் சீமாட்டியின் கருணையை மனம் உருகிப் பதிவு செய்த அவர், அதற்கான பலனை இறைவன் அவருக்குத் தர வேண்டும் என வேண்டினார்.

பேசுவதற்கு முன் படிப்பு

லாசாங் கான் அவரைக் கனிவோடு நடத்தினார். தெசிதேரி இரவும் பகலும் திபெத்திய மொழி படித்து, 1717 ஜனவரியில் அந்த மொழியிலேயே ஒரு நூல் எழுதி அரசரிடம் கொடுத்தார். படித்துப் பார்த்த அரசர், முதலில் பௌத்த நூல்களையும் வாதமுறைகளையும் கற்றுக்கொண்டு, பிறகு விவாதிக்கலாம் என்றார். தெசிதேரி அதை முழு மனதாக ஏற்றார். ராமோச்சே கோயிலிலும், பிறகு புகழ்பெற்ற சேரா மடத்திலும் தங்கிப் படித்தார். பதினான்காம் நூற்றாண்டில் பிறந்த சோங்கப்பாவின் ‘லாம்ரிம் சென்மோ’ போன்ற கடினமான நூல்களில் ஊறினார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் நிலைமை தலைகீழானது. டிசம்பரில் சுங்கார் மங்கோலியர் லாசாவைத் தாக்கினர். லாசாங் கான் கொல்லப்பட்டார். தெசிதேரி தென்கிழக்கே தாக்போ பகுதிக்கு ஒதுங்கினார். அங்கே இருந்தபடி மறுபிறப்புக் கொள்கை பற்றியும் படைப்பிறைவன் பற்றியும் திபெத்திய மொழியில் நூல்கள் எழுதினார். பௌத்தத்தை மறுக்கவே அவர் எழுதினார். தன் நோக்கத்தை ஒருநாளும் மறைக்கவில்லை. ஆனால் பௌத்தர்களின் சொற்களாலும் அவர்களுடைய தர்க்க முறையாலும் எழுதினார். சேரா மடத்துப் பிட்சு ஒருவர் தலை நிமிர்ந்து பதில் சொல்லக்கூடிய எழுத்து அது. எதிராளியை முழுதாகப் படித்துவிட்டு மறுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்றே நான் நினைக்கிறேன்.

அவரை வெளியேற்றியது பனியும் இல்லை, போரும் இல்லை, ரோமாபுரியின் ஆணை. திபெத் மறைப்பணி கப்புச்சின் சபைக்கே உரியது என்று திருச்சபைத் தலைமை முடிவு செய்திருந்தது. 1721 ஏப்ரலில் அவர் லாசாவை விட்டுக் கிளம்பினார்.

புதுச்சேரியில் ஓராண்டு

வட இந்தியாவில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், 1726இல் தெசிதேரி புதுச்சேரிக்கு வந்தார். பிரெஞ்சு இயேசு சபையினரின் கர்நாடக மறைப்பணிக்குத் தலைமையிடம் அது. நாற்பது வயதைத் தாண்டியவர், பாரசீகமும் திபெத்தியமும் கற்றவர், இங்கே மறுபடி மாணவராகித் தமிழ் படித்தார். அதே 1726ஆம் ஆண்டில்தான் அவர் நாட்டவரும் அவர் சபையினருமான வீரமாமுனிவர் ‘தேம்பாவணி’யை முடித்தார் என்பது மரபு. ஒரே தலைமுறையில் ஒரே நாட்டிலிருந்து வந்த இருவரில் ஒருவர் தமிழில் காப்பியம் பாட, மற்றவர் திபெத்திய மொழியில் தத்துவம் எழுதியிருந்தார். இருவருக்கும் ஒரே வழிமுறைதான்: போன ஊரின் மொழிக்கு மாணவனாகு.

1727 ஜனவரியில் தெசிதேரி கப்பலேறினார். 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்த அருளானந்தருக்கு அருளாளர் பட்டம் கோரும் ஆவணங்களை ரோமுக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பும் அவருடையதாக இருந்தது. அருளானந்தருக்கு அந்தப் பட்டம் 1853இல் கிடைத்தது; 1947இல் அவர் புனிதரானார். தெசிதேரியோ தன் சபையின் திபெத் உரிமைக்காக ரோமில் வழக்காடித் தோற்று, 1733 ஏப்ரலில் காலமானார். அவருடைய பயண நூல் அச்சேறாமலே முடங்கியது. 1875இல்தான் அவர் பிறந்த பிஸ்தோயாவில் அதன் கைப்பிரதி ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது.

மறைப்பணி வரலாறுகள் பெரும்பாலும் போனவரின் மன உறுதியையே பேசுகின்றன. தெசிதேரியிடம் அந்த உறுதி நிறையவே இருந்தது. அதோடு, வெறும் உறுதி அந்தக் குளிரில் ஒரு வாரம்கூட அவரைத் தாங்கியிருக்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். போதிக்கப் போனவர் முதலில் சோறும் தீயும் கூடாரத்தில் இடமும் வாங்கிக்கொண்டார்; பிறகு மொழியையும் நூல்களையும் வாங்கிக்கொண்டார். மாற்று மதத்தாரிடம் பட்ட கடனை இப்படிப் பெயரோடும் நன்றியோடும் எழுதிவைத்தவர்களின் ஏடுகளை, எந்த மதத்தவராக இருந்தாலும் நாம் தேடிப் படிக்க வேண்டும்.

1760இல் தரங்கம்பாடிக்கு வந்து வெயிலிலும் காய்ச்சலிலும் பலரைப் பறிகொடுத்த ஒரு சிறிய ஜெர்மானியச் சபை, 1856இல் இமயத்தின் கேலாங் கிராமத்தில் வீடு கட்டிக் குடியேறியது. மொராவியச் சபையினரான அவர்கள் பனிக்காலங்களை எப்படிக் கடந்தார்கள், லாஹௌல் பெண்களின் கையில் பின்னலூசி எப்படி வந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)