சோஹோ லாஃப்ட் குடியிருப்புகள்

சோஹோ லாஃப்ட் குடியிருப்புகள் என்பவை நியூயார்க்கின் மன்ஹாட்டனில், காலியாகக் கிடந்த பட்டறைகளையும் கிடங்குகளையும் மாற்றி உருவாக்கப்பட்ட வீடுகள் ஆகும். இங்கு லாஃப்ட் என்பது பரணைக் குறிப்பதில்லை. தடுப்புச் சுவர் இல்லாத, உயரமான கூரை கொண்ட முழுத் தளத்தைக் குறிக்கிறது. 1960களில் கலைஞர்கள் சட்டத்துக்குப் புறம்பாகவே இவற்றில் குடியேறினர். சட்டம் பின்னால்தான் வந்தது.

பின்னணி

ஹௌஸ்டன் தெருவுக்குத் தெற்கே உள்ள இப்பகுதியின் கட்டடங்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் துணி வணிகத்துக்காகக் கட்டப்பட்டவை. வார்ப்பிரும்பு முகப்பும் தூண்களும் இருந்ததால் பெரிய சன்னல்கள் வைக்க முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் துணித் தொழில் இடம்பெயர்ந்தது, தளங்கள் காலியாயின. அடிக்கடி தீப்பிடித்ததால் தீயணைப்பு வீரர்கள் இதை 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்றழைத்தனர்.

ஆனால் பகுதி முற்றிலும் செத்துவிடவில்லை. செஸ்டர் ராப்கின் 1963இல் அளித்த அறிக்கை, இங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் பெருமளவில் வேலை செய்வதைக் காட்டியது. லாஃப்ட் வரலாற்றைக் கலைஞர்களின் கதையாக மட்டும் சொல்லும்போது இத்தொழிலாளர்கள் விடுபட்டுப் போகிறார்கள். ராபர்ட் மோசஸ் முன்வைத்த விரைவுச்சாலைத் திட்டம் இப்பகுதியின் ஊடே செல்வதாக இருந்தது. இடிபடப்போகும் கட்டடத்தில் யாரும் பணம் போடுவதில்லை. வாடகை மலிவாக இருந்ததற்கு அதுவும் காரணம். எதிர்ப்பு வலுத்து, 1969இல் திட்டம் கைவிடப்பட்டது.

கலைஞர்களின் குடியேற்றம்

தொழில் மண்டலத்தில் வசிப்பது குற்றம். குடியேறியவர்கள் தண்ணீர்க் குழாய், மின்கம்பி, கழிவறை, வெப்பமூட்டி அனைத்தையும் தம் செலவிலேயே அமைத்தனர். ஆய்வாளர் வந்தால் கட்டிலை மறைத்து, இது ஓவியக்கூடம் மட்டுமே என்றனர். 1961இல் கலைஞர்களின் போராட்டத்துக்குப் பின் நகராட்சி ஓர் ஏற்பாட்டுக்கு இணங்கியது. கலைஞர் வசிக்கும் தளத்தைக் குறித்து 'ஏ.ஐ.ஆர்.' என்ற பலகை கட்டட வாசலில் வைக்கப்பட்டது; தீப்பிடித்தால் உள்ளே ஆள் இருப்பது தீயணைப்பு வீரர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம்.

1967இல் ஃப்ளக்சஸ் இயக்கத்தின் ஜார்ஜ் மாசியுனாஸ், ஊஸ்டர் தெரு 80ஆம் எண் கட்டடத்தைக் கலைஞர் கூட்டுறவாக மாற்றினார். உரிய பதிவுகளைச் செய்யாததால் அரசு வழக்கறிஞர் அலுவலகம் அவரைத் தேடியது. இருந்தும் பிறர் அவ்வழியைப் பின்பற்றினர்.

சட்ட ஏற்பும் விளைவும்

1971இல் நகர மண்டல விதி திருத்தப்பட்டு, நகரப் பண்பாட்டுத் துறையின் சான்று பெற்ற கலைஞர்கள் சோஹோவில் வசிக்க அனுமதி கிடைத்தது. 1973இல் பகுதி பாரம்பரியப் பாதுகாப்பு மண்டலமானது. இடிக்கப்படும் அச்சம் நீங்கியதும் விலை ஏறியது. 1975இல் லாஃப்ட் மாற்றத்துக்கும் வரிச்சலுகை நீட்டிக்கப்பட, கட்டட முதலாளிகளுக்குப் பட்டறையைவிட வீடே இலாபமாயிற்று. பட்டறைகள் வெளியேறின.

வீட்டைச் செப்பனிட்டவரையே முதலாளி வெளியேற்றும் நிலை உருவானதால், 1982இல் மாநில அரசு லாஃப்ட் சட்டத்தை இயற்றியது. அதன்படி, கட்டடத்தைக் குடியிருப்பு விதிகளுக்கேற்பச் சீரமைப்பது முதலாளியின் கடமை. வாடகைதாரருக்கு வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பும் உண்டு. அதே ஆண்டு சமூகவியலாளர் ஷாரன் சூகின், கலைஞர்களின் வாழ்க்கைமுறை மனைச் சந்தையின் விற்பனைப் பொருளானதை 'லாஃப்ட் லிவிங்' நூலில் விவரித்தார்.

கலைஞர் சான்று விதி ஏட்டில் நீடித்தாலும், சான்றில்லாத வசதி படைத்தோர் பலர் இங்கு வீடு வாங்கினர். 2021இல் நகரமன்றம் விதியைத் திருத்தி, கலை நிதிக்கு ஒரு தொகை செலுத்தினால் அத்தகைய தளங்களைச் சாதாரண வீடாக மாற்றிக்கொள்ள வழிசெய்தது. அத்தொகையை எதிர்த்து வீட்டு உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றனர்.