கல்லூரிக் கூடைப்பந்து: ஒரு விருப்பத்தின் வரலாறு

அமெரிக்காவில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால், ஆண்டின் மற்ற நாட்களில் கூடைப்பந்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதவர்கள்கூடக் கல்லூரி அணிகளின் பெயர்களை வரிசையாக எழுதி, எது எதை வெல்லும் என்று தாளில் குறிக்கத் தொடங்கிவிடுவார்கள். தொழில்முறை அமைப்பாகிய என்.பி.ஏ.வின் ஆட்டக்காரர்கள் உடல் வலுவிலும் வேகத்திலும் நுட்பத்திலும் மாணவர்களைவிடப் பல படிகள் மேலானவர்கள் என்பதை இவர்களில் எவரும் மறுப்பதில்லை. ஆயினும் தமக்கு உவப்பானது கல்லூரி ஆட்டமே என்பார்கள். ஏன் என்று கேட்டால், தலைமுறை தலைமுறையாக வரும் விடை ஒன்றுதான்: அங்கே பணத்துக்காக ஆடுகிறார்கள், இங்கே ஆட்டத்துக்காக ஆடுகிறார்கள்.

திறமை குறைந்த ஆட்டத்தைத் திறமை மிகுந்த ஆட்டத்தைவிட உயர்வாகக் கொள்ளும் இந்த ரசனைக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும்போது, விருப்பம் மெய்யாகவே இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் நிற்க மறுக்கிறது.

கூடைப்பந்து பிறந்ததே ஒரு கல்விக்கூடத்தில்தான். 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே மாணவர்களை ஈடுபடுத்த ஒரு விளையாட்டைத் தேடினார். பீச் பழக் கூடைகள் இரண்டை உயரே அடித்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். 1898-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அங்கும் அணியை நடத்தினார். அவரது பொறுப்பில் அந்த அணி 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது. கான்சாஸின் நெடிய வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த ஒரே பயிற்சியாளர், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே! உடலையும் பண்பையும் வளர்க்கும் ஒரு பயிற்சியாகவே அவர் அதைக் கண்டார்.

கூலிக்கு ஆடும் அணிகளும் விரைவிலேயே தோன்றின. ஆனால் அவை நடன அரங்குகளிலும் ஆயுதக் கிடங்குக் கூடங்களிலும், பெரும்பாலும் கம்பிவலைக் கூண்டுக்குள், ஊர் ஊராகச் சென்று ஆடின. மதிப்பும் கூட்டமும் கல்லூரிகளுக்கே இருந்தன. 1934 டிசம்பரில் நெட் ஐரிஷ் என்பவர் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே இரவில் இரண்டு கல்லூரி ஆட்டங்களை நடத்தியபோது 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். 1938-இல் அங்கே என்.ஐ.டி. போட்டி தொடங்கியது. அடுத்த ஆண்டே கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. எட்டு அணிகளைக் கொண்டு தன் போட்டியைத் தொடங்கியது. முதல் பட்டத்தை ஒஹையோ ஸ்டேட்டை 46-33 என வீழ்த்தி ஆரிகன் பெற்றது.

என்.பி.ஏ.வுக்கு முன்னோடியான அமைப்பு 1946-இல்தான் உருவாயிற்று. பனிக்கட்டி ஹாக்கிக்கான அரங்குகளை வைத்திருந்தவர்கள், அவை வெறுமையாகக் கிடந்த இரவுகளை நிரப்பும் பொருட்டு அதைத் தொடங்கினர். 1950 நவம்பர் 22 அன்று நடந்த ஓர் ஆட்டத்தில், ஃபோர்ட் வெய்ன் அணி பந்தைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு காலத்தைக் கடத்தி, மினியாபொலிஸ் அணியை 19-18 என வென்றது. காசு கொடுத்து வந்தவர்கள் எப்படிப் பொறுப்பார்கள்? பந்தைக் கைப்பற்றிய அணி 24 நொடிகளுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற விதி 1954-இல் வந்த பிறகே தொழில்முறை ஆட்டம் பிழைத்தது. ஆக, கல்லூரி ஆட்டத்தை விரும்புவதற்கு அந்நாளில் காரணம் கூறவேண்டிய தேவையே இருக்கவில்லை. காரணங்கள் பின்னர்தான் தேவைப்பட்டன.

*

அந்தக் காரணங்களில் முதன்மையானது தூய்மை. அது முதலில் உடைந்த இடம் நியூயார்க். 1950-இல் சிட்டி காலேஜ் அணி என்.ஐ.டி., என்.சி.ஏ.ஏ. ஆகிய இரு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றது. வேறெந்த அணியும் அதைச் செய்ததில்லை. கட்டணமில்லாப் பொதுக் கல்லூரி அது. உழைக்கும் குடும்பங்களில் பிறந்த யூத, கறுப்பின இளைஞர்கள் அதில் ஆடினர். மறு ஆண்டே அவர்களில் பலர் கைது செய்யப்பட்டனர். யார் வெல்வார் என்பதன் மீது மட்டுமல்லாது, எத்தனை புள்ளிகளில் வெல்வார் என்பதன் மீதும் பந்தயம் கட்டப்பட்ட காலம். வெற்றியை விட்டுவிடாமல் வித்தியாசத்தை மட்டும் குறைத்துக் கொடுக்கும்படி சூதாடிகள் மாணவர்களுக்குப் பணம் கொடுத்திருந்தனர். ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த 30-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் சிக்கினர். கென்டக்கி பல்கலைக்கழகம் 1952-53 பருவம் முழுவதும் ஆட முடியாமல் போயிற்று.

மாணவர்கள் செய்தது குற்றமே. ஆனால் அந்த அரங்கின் வரவு யார் யாருக்குப் போயிற்று என்று பார்க்கவேண்டும். அரங்கக்காரருக்குப் பங்கு, கல்லூரிக்குப் பங்கு, பயிற்சியாளருக்குச் சம்பளம். வியர்வை சிந்தியவனுக்குப் பங்கில்லை என்ற ஏற்பாட்டுக்குத்தான் தூய்மை என்று பெயர் இருந்தது.

அந்த ஏற்பாட்டுக்குச் சட்டக் கவசமும் வேண்டியிருந்தது. 1950-களில் கொலராடோவில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய கல்லூரி மாணவர் ஒருவர் ஆட்டத்தில் பட்ட காயத்தால் இறந்தார். பணியாளர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கோரினார். அவர் பணியாளர் அல்லர் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1957-இல் தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகளை மனத்தில் வைத்துத்தான் ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற தொடரை உருவாக்கிப் புழக்கத்தில் விட்டோம் என்று பின்னாளில் எழுதியவர் வேறு யாருமல்லர். 1951 முதல் 1988 வரை என்.சி.ஏ.ஏ.வின் செயல் இயக்குநராக இருந்த வால்டர் பயர்ஸ்தான். தாம் கட்டியெழுப்பிய அமைப்பையே கண்டித்து அவர் எழுதிய நூல் 1995-இல் வெளிவந்தது. கேட்க இனிமையான அந்தத் தொடர், ஒரு கைம்பெண்ணின் கோரிக்கையைப் போன்றவற்றை மறுப்பதற்குப் பயன்பட்ட சொல் என்பதைக் கல்லூரி ஆட்டத்தின் ரசிகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

*

இரண்டாவதாகச் சொல்லப்படும் காரணம், கல்லூரி ஆட்டம் நாட்டின் மனச்சாட்சியைத் தொட்டது என்பது. இதில் உண்மை உண்டு, பாதி உண்மை.

ஜான் மெக்லெண்டன் 1930-களில் கான்சாஸில் நெய்ஸ்மித்திடமே பாடம் கற்றவர். கறுப்பினத்தவர் என்பதால் பல்கலைக்கழக அணியில் அவருக்கு இடமில்லை. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் கறுப்பினக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளரானார். 1944 மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றின் காலையில், ஊரார் தேவாலயங்களில் இருந்த வேளை பார்த்து, டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் வெள்ளை அணி அவர்களோடு ஆட மறைவாக வந்தது. கதவுகள் பூட்டப்பட்டன. மெக்லெண்டனின் அணி 88-44 என வென்றது. அரை நூற்றாண்டு கழித்துத்தான் வெளியுலகம் இதனை அறிந்தது.

1963-இல் மிசிசிப்பி ஸ்டேட் அணி, கறுப்பின வீரர்கள் உள்ள அணியோடு ஆடலாகாது என்ற மாநில வழக்கத்தை மீறி, நீதிமன்றத் தடையுத்தரவு கைக்கு வருமுன் ஊரைவிட்டு நழுவி, சிகாகோவின் லயோலா அணியோடு ஆடித் தோற்றது. லயோலா அவ்வாண்டின் பட்டத்தையும் வென்றது. 1966 மார்ச் 19 அன்று, டான் ஹாஸ்கின்ஸ் பயிற்றுவித்த டெக்சாஸ் வெஸ்டர்ன் அணி கறுப்பின வீரர்கள் ஐவரோடு இறுதி ஆட்டத்தைத் தொடங்கி, முழுக்க வெள்ளையரைக் கொண்ட கென்டக்கியை 72-65 என வென்றது. அமெரிக்கர்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் இரவு அது.

ஆனால் பணத்துக்காக ஆடுவோர் என்று இகழப்பட்ட என்.பி.ஏ.வில் கறுப்பின வீரர்கள் 1950-லேயே இடம்பெற்றுவிட்டனர். அதே கறுப்பின ஐவர் என்ற நிலையை 1964 டிசம்பரிலேயே பாஸ்டன் அணி எட்டிவிட்டது. கல்லூரிகளின் வீரக்கதை அவ்வளவு ஒளிர்வதற்குக் காரணம், அங்கே இருட்டு அதிக நாள் நீடித்ததுதான்.

*

தூய்மையும் அறமும் கைகொடுக்கவில்லை எனில் விருப்பம் எதில் நிற்கிறது? ஆட்டத்தின் அமைப்பிலேயே அதைக் காணலாம்.

என்.பி.ஏ.வின் இறுதிக் கட்டத்தில் இரு அணிகள் ஏழு ஆட்டங்கள் வரை மோதுகின்றன. நான்கு வென்றவர் மேலே போகிறார். ஓர் இரவு சறுக்கியவருக்கு மறு இரவு உண்டு. முடிவில் மேலான அணியே பெரும்பாலும் வெல்லும். அது நீதியான ஏற்பாடு. கல்லூரிப் போட்டியில் ஒரு தோல்வியோடு எல்லாம் முடிந்துவிடும். மேலும் கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், தொழில்முறை ஆட்டம் 48 நிமிடம். பந்தை எறிய வேண்டிய கெடுவும் கல்லூரியில் நீண்டது: ஆடவர் ஆட்டத்தில் 1985-இல் 45 நொடி, 1993-இல் 35, 2015-இல் 30. ஆகவே இரு தரப்புக்கும் கிடைக்கும் வாய்ப்புகளின் எண்ணிக்கை குறைவு. நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை தலை விழுவது அரிதன்று; ஆயிரம் முறை சுண்டினால் எழுநூறு விழாது. வாய்ப்புகள் குறையக் குறைய எளியவனுக்கு வழி திறக்கிறது.

1985 இறுதி ஆட்டத்தில் வில்லனோவா செய்தது இதைத்தான். காலக்கெடுவே இல்லாத கடைசிப் பருவம் அது. முந்தைய ஆண்டின் வெற்றியாளரான ஜார்ஜ்டவுனை எதிர்த்து, இரவு முழுவதும் அவர்கள் கூடையை நோக்கி எறிந்தது 28 முறை மட்டுமே, 22 விழுந்தன. 66-64 என வென்றார்கள். 1996-இல் பிரின்ஸ்டன், முந்தைய ஆண்டின் வெற்றியாளரான யு.சி.எல்.ஏ.வை 43-41 என வீழ்த்தியது. ஓய்வை அறிவித்துவிட்ட முதிய பயிற்சியாளர் பீட் கரிலின் கடைசி வெற்றி அது. காவல் நின்றவனின் முதுகுப்புறமாக நழுவி ஓடிய ஒருவனுக்குப் பந்து தரையில் தட்டி அனுப்பப்பட, சில நொடிகள் எஞ்சியிருக்கையில் அவன் அதைக் கூடையில் இட்டான். அவர்கள் பல ஆண்டுகளாகப் பழகிய ஆட்டமுறையே அது.

போட்டியின் ஒவ்வொரு பிரிவிலும் அணிகள் 1 முதல் 16 வரை தரவரிசை பெறுகின்றன. கடைசி அணி முதல் அணியை வெல்லாது என்பது ஏறக்குறைய விதியாகவே இருந்தது. பெண்கள் போட்டியில் 1998-இல் ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த அரங்கிலேயே 71-67 என வென்று அதை உடைத்தது. ஆடவர் போட்டியில் 135 தோல்விகளுக்குப் பின், 2018 மார்ச் 16 அன்று, மேரிலாந்தின் யு.எம்.பி.சி. என்னும் பல்கலைக்கழகம் வர்ஜீனியாவை 74-54 என வென்றது. ஏழு ஆட்டத் தொடராக இருந்திருப்பின் வர்ஜீனியாவே முன்னேறியிருக்கும் என்பதில் ஐயம் இருக்க இயலாது. ரசிகன் விரும்புவது அந்த நிச்சயத்திலிருந்து கிடைக்கும் ஓர் இரவு விடுதலையை. நான்கு ஆண்டுகளே ஆட இயலும் என்ற வரம்பு அந்த இரவுக்குக் கனம் சேர்க்கிறது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் தொழில்முறைக்குச் செல்லப் போவதில்லை. தோற்ற அணியின் இறுதியாண்டு மாணவன் அரங்கைவிட்டு நடக்கும்போது, அவன் வாழ்வின் ஒரு பகுதி முடிகிறது.

*

இந்த இன்பத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்ற கேள்வி அண்மையில்தான் நீதிமன்றத்தில் விடை கண்டது. 2010-இல் ஆடவர் போட்டியின் 14 ஆண்டு ஒளிபரப்பு உரிமை 1,080 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. ஆடியவர்களுக்குக் கிடைத்தது உதவித்தொகை. 1995-இல் யு.சி.எல்.ஏ.வுக்குப் பட்டம் வென்று தந்த எட் ஓபேனன், தம் சாயல் ஒரு கணினி விளையாட்டில் தமக்கு ஒரு காசும் தராமல் விற்கப்படுவதைக் கண்டு 2009-இல் வழக்குத் தொடுத்தார். 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். அடுத்த மாதமே மாணவர்கள் தம் பெயரையும் உருவையும் கொண்டு ஈட்ட அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட உடன்படிக்கைப்படி, பல்கலைக்கழகம் ஒன்று அனைத்து விளையாட்டுகளுக்குமாக முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகவே வழங்கலாம் என்றாயிற்று.

இனிக் கல்லூரி ஆட்டத்தின் அழகு போய்விட்டது என்று புலம்புவோர் உண்டு. அடுத்தவன் ஊதியமின்றி உழைத்ததில்தான் அழகு இருந்தது என்றால், அது போவதில் இழப்பில்லை. ஒற்றை இரவும், 40 நிமிடமும், எளியவனின் வாய்ப்பும் ஊதியத்தால் அழிபவை அல்ல.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. முன்பு கல்லூரி மாறும் கூடைப்பந்து மாணவன் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2021-இல் ஒரு முறை மாறுவதற்கு அது தளர்ந்தது. 2024-இல் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. பயிற்சியாளர்கள் எந்நாளும் விரும்பியபடி மாறி வந்தவர்கள். மாணவர்களுக்கு அதே உரிமை கிடைத்ததைக் குறைசொல்ல நியாயமில்லை. ஆயினும் அணி ஆண்டுதோறும் கலைந்து கூடுமாயின், பிரின்ஸ்டன் போல ஒரே ஆட்டமுறையில் சேர்ந்து பழகி வளர்வதற்குக் காலம் எங்கே?

2018-இல் அந்த இழிவைச் சுமந்த வர்ஜீனியா மாணவர்களில் பலர் மறு ஆண்டும் அதே உடுப்பை அணிந்தனர். 2019 ஏப்ரலில், கூடுதல் நேரம் வரை நீண்ட இறுதி ஆட்டத்தில் டெக்சாஸ் டெக் அணியை 85-77 என வென்று பட்டம் பெற்றனர். ஓராண்டு முழுவதும் அந்தத் தோல்வியோடு அதே வளாகத்தில், அதே நண்பர்களோடு அவர்கள் இருந்தார்கள். கல்லூரி ஆட்டத்தை விரும்புவதற்கு நல்ல காரணம் ஒன்று வேண்டுமென்றால், அந்த ஓராண்டைச் சொல்லலாம்.