பிளேஸ்டேஷன் 3 கருவியில் லினக்ஸ்: ஒரு வசதியின் தோற்றமும் நீக்கமும்

வீட்டு வீடியோ விளையாட்டுக் கருவிகள் பெரும்பாலும் பூட்டப்பட்ட கணினிகளாகவே விற்கப்படுகின்றன. உற்பத்தியாளர் ஒப்பமிட்ட மென்பொருளன்றிப் பிற அவற்றில் இயங்குவதில்லை. இவ்வழக்கத்திற்குச் சோனி நிறுவனம் இருமுறை விலக்களித்தது. 2002இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கென வன்தட்டு, விசைப்பலகை, சுட்டி ஆகியன அடங்கிய லினக்ஸ் தொகுப்பை மேலைநாடுகளில் தனி விலைக்கு விற்றது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் மீக்கணினி மையம் 2003இல் இக்கருவிகள் ஏறத்தாழ 70ஐ ஒன்றிணைத்தது. அது முன்னோட்டமே.

2006 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3இல் நிலைமை வேறு. பிற இயங்குதளத்தை நிறுவும் வாய்ப்பு கருவியின் அமைப்புப் பட்டியலிலேயே இடம்பெற்றது. எல்லோ டாக் லினக்ஸ் போன்ற வழங்கல்கள் அதற்கென ஆயத்தமாயின. சோனி, தோஷிபா, ஐபிஎம் ஆகிய மூன்றும் இணைந்து வடிவமைத்த 'செல்' செயலியில் ஒரு முதன்மை உட்கருவும் எட்டுத் துணை உட்கருக்களும் உண்டு. இக்கருவியில் ஒரு துணை உட்கரு முடக்கப்பட்டது. மற்றொன்று அமைப்பின் பயனுக்கு ஒதுக்கப்பட்டது. எஞ்சிய ஆறே லினக்ஸுக்குக் கிட்டின. வன்பொருளுக்கும் லினக்ஸுக்கும் இடையே ஹைப்பர்வைசர் என்னும் காவல் அடுக்கு நின்றது. வரைகலைச் செயலியின் முழு ஆற்றலை அது வழங்கவில்லை. முதன்மை நினைவகமும் 256 மெகாபைட் மட்டுமே. ஆகவே வீட்டுக் கணினி என்ற அளவில் அது சிறக்கவில்லை என்றே கூற வேண்டும்.

எண்கணிப்பில் அதன் மதிப்பு வேறாக இருந்தது. கருவியை அடக்கவிலைக்கும் குறைவாக விற்று, விளையாட்டுகளின் விற்பனையால் இழப்பை ஈடுசெய்வது நிறுவனத்தின் வணிக முறை. விளையாட்டே வாங்காத ஆய்வாளர் அம்மலிவை மட்டும் பெற்றார். மாசசூசெட்ஸ் டார்ட்மத் பல்கலைக்கழக இயற்பியலாளர் கௌரவ் கன்னா, 2007இல் எட்டுக் கருவிகளை இணைத்துக் கருந்துளைகளின் ஈர்ப்பலைகளைக் கணித்தார். சோனியே அவருக்குச் சில கருவிகளை வழங்கியது என்பது கருதத்தக்கது. 2008 இறுதியில், லொசானில் இருந்த சுமார் 200 கருவிகளின் துணையோடு, எம்டி5 முறையின் வலுவின்மையால் போலி இணையச் சான்றிதழ் உருவாக்க இயலும் என ஓர் ஆய்வுக்குழு மெய்ப்பித்தது. எனினும் இரட்டைத் துல்லியக் கணக்குகளில் இச்செயலியின் வேகம் பெரிதும் குறைந்ததால், எல்லாத் துறைகளுக்கும் இது பொருந்தவில்லை.

2009இல் வந்த மெலிந்த வடிவில் இவ்வசதி இல்லை. 2010 சனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ், லினக்ஸின் வழியாகவே ஹைப்பர்வைசரை ஊடுருவியதாக அறிவித்தார். பாதுகாப்பைக் காரணங்காட்டி, ஏப்ரல் 1 அன்று வெளியிட்ட 3.21 மென்பொருள் புதுப்பிப்பால் பழைய கருவிகளிலிருந்தும் சோனி அவ்வசதியை நீக்கியது. புதுப்பிப்பை ஏற்றால் லினக்ஸ் இல்லை. மறுத்தால் இணைய விளையாட்டும் பல புதிய விளையாட்டுகளும் இல்லை. விற்ற பொருளின் இயல்பை விற்றவரே பின்னர்க் குறைக்கலாமா என்பதே இங்கு எழுந்த சிக்கல். இணைய விளையாட்டு தேவைப்படாத ஆய்வகங்கள் புதுப்பிப்பைத் தவிர்க்க முடிந்தது. ஆனால் பழுதான கருவிக்கு மாற்றாக, வசதியுள்ள புதிய கருவியை அவை கடையில் வாங்க இயலவில்லை.

நீக்கம் பூட்டைக் காக்கவுமில்லை. 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழுவினர், மென்பொருளை ஒப்பமிடும் கணக்கில் ஒவ்வொரு முறையும் மாற வேண்டிய எண்ணைச் சோனி மாற்றாமலே பயன்படுத்தியதைக் காட்டினர். அப்பிழையிலிருந்து மறைச்சாவியையே கணித்தறிய முடிந்தது. அதே மாதம் அமெரிக்க வான்படையின் ஆய்வகம், 1,700க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3 கருவிகளாலான 'காண்டர்' மீக்கணினியை அறிமுகம் செய்தது.

பயனர்கள் 2010இல் கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 2011இல் அது தள்ளுபடியானது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் ஒரு பகுதிக்கு மீண்டும் உயிரளித்தது. 2018இல் 37.5 இலட்சம் டாலர் இழப்பீட்டுடன் வழக்கு முடிந்தது. லினக்ஸ் வசதி திரும்ப வழங்கப்படவில்லை.