கணியம்பாடியும் கட்சிரோலியும்

வேலூர் சிஎம்சியில் எம்பிபிஎஸ் சேரும் மாணவர்களை முதலாண்டிலேயே கிராமத்தில் கொண்டுபோய்த் தங்கவைப்பது நெடுநாள் வழக்கம். அப்போது அவர்களுக்கு ஊசி போடக்கூடத் தெரியாது. வீடு வீடாகப் போய், குடும்பத்தில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கடைசிக் குழந்தை எங்கே பிறந்தது என்று கேட்டு எழுத வேண்டும். மகாராஷ்டிரத்தின் கிழக்கு எல்லையில், காடு சூழ்ந்த கட்சிரோலி மாவட்டத்திலும் இதே கேள்விகள் கேட்கப்பட்டன. அங்கே கேட்டு எழுதியவர் மருத்துவ மாணவர் அல்ல; ஐந்தாவதோ எட்டாவதோ படித்த உள்ளூர்ப் பெண். அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 1986-இல் தொடங்கிய 'சர்ச்' (SEARCH) அமைப்பு அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தது.

இரண்டு இடங்களுக்கும் அடித்தளம் ஒன்றுதான்: பிறப்பு இறப்புப் பதிவேடு. யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதில்தான் பாதை பிரிகிறது. ஆராய்ச்சியின் போக்கையும் அதுவே தீர்மானித்தது என்பது என் எண்ணம்.

ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்து, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக விரித்த நிறுவனம் வேலூருடையது. பாகாயத்தில் இருக்கும் அதன் சமூக நல மருத்துவமனை, கணியம்பாடி ஒன்றியத்தின் சுமார் ஒரு லட்சம் மக்களைப் பார்த்துக்கொள்கிறது. கிராமத்தில் சுகாதாரப் பணியாளர், அவருக்கு மேல் செவிலியர், குறித்த நாளில் வந்துபோகும் மருத்துவர் என்று படிப்படியான ஏற்பாடு. மூச்சுத்திணறும் குழந்தையைக் கடைசியில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஏற்றுக்கொள்ளும் என்ற தைரியம் ஒவ்வொரு படியிலும் உண்டு. அங்கே மாணவர் கற்பது, நோய் வார்டுக்கு வந்து சேருமுன் வீட்டில் எப்படி இருக்கிறது என்பதை. நல்ல பாடம்தான். ஆனால் விடை வார்டில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையை அது அசைப்பதில்லை.

வேலூர் ஆராய்ச்சியின் பலமும் அந்த நம்பிக்கையிலிருந்தே வருகிறது. 2002-இல் சிஎம்சியின் ககன்தீப் காங் குழுவினர், வேலூர் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பின்தொடரத் தொடங்கினார்கள். (கிராமம் அல்ல, நகரத்துச் சேரி. ஆனாலும் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்ற பழக்கம் அதேதான்.) களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்குப் போனார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலமாதிரி. வயிற்றுப்போக்கு வந்தால் அப்போதும் ஒன்று. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் இதற்கு மூன்று வருஷம் சலிக்காமல் ஒத்துழைத்தாள் என்றால், அந்தப் பணியாளரை வீட்டு மனுஷியாக ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். ஆய்வுக் கட்டுரையில் இதற்குப் பத்தி கிடையாது.

373 குழந்தைகளின் மூன்றாண்டுக் கணக்கு 2011-இல் வெளியானது. மெக்சிகோவில் 1996-இல் வந்த ஆய்வு, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டாவைரஸ் இயற்கையாக இரண்டு முறை தொற்றிவிட்டால் மூன்றாம் முறை கடுமையாகத் தாக்காது என்றிருந்தது. வேலூரில் மூன்று தொற்றுக்குப் பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதம் நிறையுமுன்பே முதல் தொற்று வந்துவிட்டது. வாய்வழித் தடுப்பு மருந்தும் இங்கே அவ்வளவாகப் பலன் தராது என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். பின்னர் டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் நடந்த ரோட்டாவேக் வாய்வழித் தடுப்பு மருந்துச் சோதனையில், முதல் வருடப் பலன் ஏறக்குறைய 56 சதவீதம். கணக்கு முன்கூட்டியே கையில் இருந்ததால், குறை என்று ஒதுக்காமல், 2016-இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டாவைரஸ் மருந்தைச் சேர்க்க முடிந்தது.

கட்சிரோலிக்குப் பின்னால் அப்படியொரு பெரிய ஆஸ்பத்திரி இல்லை. பச்சிளங்குழந்தையை வீட்டைவிட்டு வெளியே எடுத்துப்போகும் வழக்கமும் அந்த ஊர்களில் இல்லை. ஆகவே கேள்வியே மாறியது: குழந்தை வராது, அப்படியானால் மருத்துவம் எதுவரை போக முடியும்?

முதலில் நிமோனியா. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு அறுபது மூச்சு, ஒரு வயதுக்குள் ஐம்பது. அதைத் தாண்டினால் ஆபத்து. அறுபதுவரை எண்ணத் தெரியாத மருத்துவச்சியிடம் இந்த விதியைச் சொல்லி என்ன பயன்? பங் தம்பதி மணிகள் கோத்த ஒரு சட்டத்தையும், ஒரு நிமிட மணல் கடிகாரத்தையும் சேர்த்து மூச்சுமானி செய்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் மருந்து கொடுக்கலாம். கல்லாமையைக் குறை சொல்லாமல் கருவியை மாற்றியது எனக்கு மிகப் பிடித்த காரியம்.

அடுத்து பச்சிளங்குழந்தை. 39 கிராமங்களில் பயிற்சி பெற்ற பெண்கள் பிரசவத்தின்போது உடனிருந்தார்கள், எடை பார்த்தார்கள், கதகதப்பாக வைத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவும் அறிகுறி கண்டால் ஜென்டாமைசின் ஊசியும் போட்டார்கள். ஆயிரம் பிறப்புக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை மரணம், மூன்றாம் ஆண்டில் 25-ஐ ஒட்டி இறங்கியது. 1999-இல் லான்செட் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, ஒப்பிட்டது பக்கத்து ஊர்களோடு. ஆய்வு இலக்கணம் பார்ப்பவர் வேலூர்க் கணக்கையே மேலாக மதிப்பார், மதிக்கலாம்.

ஆனால் வைரஸின் போக்கை அறியப் பரிசோதனைக்கூடம் வேண்டும். கிருமி பரவிய பச்சிளங்குழந்தைக்கோ சில மணி நேரம்தான் உண்டு. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் யாரோ அவர்தான் மருத்துவர். எம்பிபிஎஸ் மாணவர் கிராமத்துக்குப் போய்த் தகவல் திரட்டினால் மட்டும் போதாது. பயிற்சி பெற்ற அந்தக் கிராமத்துப் பெண்ணின் அருகில் உட்கார்ந்து மூச்சு எண்ணப் பழக வேண்டும் என்பேன். அங்கே ஆசிரியர் அவர்.

அரசு இரண்டையும் ஓரளவு எடுத்துக்கொண்டது. 2022 முதல் எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் முதலாண்டு மாணவர் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுக்க வேண்டும். 2011-இல் வந்த வீட்டுப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில், ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் ஆறு முறை வீட்டில் போய்ப் பார்க்கிறார். வீட்டிலேயே பிறந்தால் ஏழு முறை. அவர் பையில் தராசும் வெப்பமானியும் வைத்தார்கள். ஊசியை வைக்கவில்லை. குழந்தையை மேல்சிகிச்சைக்குக் கொண்டுபோக வழியே இல்லாத நிலையில் துணைச் செவிலியர் ஜென்டாமைசின் போடலாம் என்று 2014-இல் அனுமதி வந்தது. ஆஷாவுக்கு அந்த அனுமதி இல்லை.