வேங்கடம்

2022-இல் சித்தூரிலிருந்து பிரிந்த திருப்பதி மாவட்டத்தில் நிற்கிறது திருமலை. அதன் பழம்பெயர் வேங்கடம். ‘வேம்’ என்றால் வேகும். ‘கடம்’ என்றால் பாலைநிலக் காட்டுவழி. வெயிலில் வேகும் வழி என்று இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. ‘வேம்’ பாவம், ‘கட’ எரிப்பது, ஆகவே பாவத்தை எரிக்கும் மலை என்பது வடமொழித் தலபுராண விளக்கம்.

சங்கப் பாடல்களோடு இயைவது முதல் விளக்கமே. அகநானூற்றில் வேங்கடம் யானைகள் திரியும் காடு, கள்வர் தலைவன் புல்லியின் மலை. பொருள் தேடிப் போகும் தலைவன் அதைக் கடந்தால் மொழியே மாறிவிடும். தொல்காப்பியப் பாயிரமும் தமிழகத்தின் வட எல்லையாக அதையே சொல்கிறது. அந்தப் பாடல்களில் மலை உண்டு, தலைவன் உண்டு, விழாவும் உண்டு. திருமால் பெயர் இல்லை.

சிலப்பதிகாரத்தில்தான் சங்கும் சக்கரமும் ஏந்திய நெடியோன் அங்கே நிற்கிறான். பின்னர் முதலாழ்வார்கள் மூவரும் அவனைப் பாடினார்கள். மலையின் பெயரே இறைவனின் பெயராயிற்று: வேங்கடவன், வேங்கடேசன். இந்து சமயம் வேதத்திலிருந்து மட்டும் வளரவில்லை, நிலத்திலிருந்தும் வளர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.