கில்லா என்னும் மண்கோட்டை

மாணவ நண்பர்களே, வங்காள விரிகுடாவின் வடகோடியை நிலப்படத்தில் பாருங்கள். பரந்து கிடக்கும் கடல் வடக்கே செல்லச் செல்லப் புனலின் வாய்போல் ஒடுங்குகிறது. கரையை ஒட்டிய கடல் ஆழமற்றது. கங்கை, பிரம்மபுத்திரா, மேகனா ஆகிய ஆறுகள் கொணர்ந்த வண்டலால் ஆன தீவுகள் அங்கே கடல்மட்டத்திற்குச் சில மீட்டர் உயரத்திலேயே கிடக்கின்றன. புயல் தள்ளிவரும் நீர் ஒதுங்க இடமின்றி மேலெழுந்து, அத்தீவுகளின்மேல் ஏறிவிடுகிறது. அங்கே மக்களைக் கொல்வது பெரும்பாலும் காற்றன்று, நீரே.

அந்நிலத்துக் குடியானவர் இதை அறியாதவர் அல்லர். குளம் வெட்டி, அந்த மண்ணைக் குவித்து, அம்மேட்டின்மேல் வீடு கட்டினர். வீட்டைச் சுற்றித் தென்னை, கமுகு முதலிய மரங்களை நெருக்கமாக வளர்த்தனர். புயற்குறி கண்டால் கூரையைக் கயிற்றால் இறுகக் கட்டுவர். அவலையும் பொரியையும் பானையிலிட்டு மண்ணில் புதைப்பர். தூக்கிச் செல்லக்கூடிய மண் அடுப்பை எடுத்து வைப்பர். 1876ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் இரவு பாகர்கஞ்சு மாவட்டத்தைக் கடல் விழுங்கியபோது, உயிர் தப்பியோரில் பெரும்பாலோரைக் காத்தவை வீட்டைச் சூழ்ந்திருந்த மரங்களே. ஆயினும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் நீரில் மாண்டனர் என்றும், பின்தொடர்ந்த காலராவில் ஏறத்தாழ மற்றோர் இலட்சம் பேர் மாண்டனர் என்றும் கணக்கிடப்படுகிறது.

மனிதன் மரத்தில் ஏறலாம். மாடு என்ன செய்யும்?

இவ்வினா அற்பமானதன்று. கழிமுகத்து உழவனுக்கு ஏர் இழுப்பது மாடு; பால் தருவது மாடு; மகளின் திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ விற்றுப் பணமாக்குவதும் மாடு. ஓர் இணை எருது போயிற்றென்றால் அடுத்த ஆண்டு நிலம் உழப்படாது. உப்புநீர் ஏறிய வயலும், இழுக்க மாடில்லாத ஏருமாக நிற்பவனுக்கு உயிர் பிழைத்ததே ஒரு சுமையாகிவிடும்.

1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் இரவு, அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த அந்நாட்டின் போலாத் தீவையும் அதைச் சூழ்ந்த தீவுகளையும் பெரும்புயல் தாக்கியது. மாண்டோர் மூன்று இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் வரை என மதிப்பிடப்படுகின்றனர். அதன்பின் ஆராய்ந்தோர் கண்டது நம்மைத் திகைக்கச் செய்கிறது. அப்பகுதி மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் புயல் வருவதை அறிந்திருந்தனர். உறுதியான கட்டடத்தை நாடிச் சென்றவரோ நூற்றுக்கு ஒருவர் அளவே. சில வாரங்களுக்கு முன் விடுக்கப்பட்ட எச்சரிக்கை பெருந்தீங்கின்றிக் கழிந்திருந்தது ஒரு காரணம். செல்வதற்குப் போதிய கட்டடங்கள் இல்லாமை மற்றொன்று. நான் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம், “ஐயா, அறிந்தும் ஏன் ஓடவில்லை?” என்று யாரேனும் ஒரு மாணவன் கேட்பான். நியாயமான கேள்விதான்; ஆனால் கேட்பவன் வீட்டில் மாடு கிடையாது. தொழுவத்தில் கட்டிய பசுவை விட்டுவிட்டு இருளில் பல மைல் நடந்து போவது, மாடு வளர்த்தவருக்கு அவ்வளவு எளிதன்று.

வங்கதேசம் விடுதலை பெற்றபின், 1972இல் செஞ்சிலுவைச் சங்கத்தாரின் துணையுடன் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஊர்தோறும் தொண்டர்கள் வானொலியைக் கேட்டு, கொடி ஏற்றி, கைஒலிபெருக்கியால் வீடுவீடாகச் செய்தி சொன்னார்கள். அதே காலத்தில் கரையோரங்களில் பெரிய மண்மேடுகள் எழுப்பப்பட்டன. வெள்ளத்தின்போது கால்நடைகளை ஏற்றி நிறுத்துவதற்கான மேடுகள் அவை. நாட்டுத் தலைவர் முஜிபுர் ரகுமானின் பெயரால் ‘முஜிப் கில்லா’ என்று அவை வழங்கலாயின. கில்லா என்றால் கோட்டை. நம் நாட்டிலும் கோட்டைத் தலைவனைக் ‘கில்லேதார்’ என்று அழைத்த காலம் உண்டல்லவா? மன்னர் கோட்டைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். பசுவுக்காக எழுப்பிய இக்கோட்டையை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை.

ஆனால் கட்டிய மேடு தானாக நிலைத்திராது. பராமரிப்பின்றிப் பல மேடுகள் மழையில் கரைந்தன. சிலவற்றில் மக்கள் குடியேறினர். 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் சிட்டகாங் கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். அதன்பின் தூண்களின்மேல் பள்ளிக்கூடங்களாகவும் பயன்படும் புகலிடங்கள் பல கட்டப்பட்டன. 2007 நவம்பரில் ‘சிடர்’ என்ற கடும்புயல் வந்தபோது இறந்தோர் தொகை மூவாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. எச்சரிக்கையும் புகலிடமும் செய்த வேலை அது. எனினும் அப்போதும் வீட்டைவிட்டு அகலாதோர் பலர் இருந்தனர். திருட்டுப் பயம் சிலருக்கு; புகலிடத்தில் மாட்டுக்கு இடமில்லை என்பது வேறு சிலருக்கு.

அதற்குப் பிறகு கட்டிய புகலிடங்கள் பலவற்றில் ஒரு மாற்றத்தைக் காணலாம். மக்கள் தங்கும் தளத்திற்குக் கீழே மாடுகளுக்கென ஒரு தளம். அதற்கு ஏறிச் செல்லப் படிக்கட்டு இல்லை, சாய்வான பாதை. மாடு படி ஏறத் தயங்கும் என்பதை அறிந்த எவரோ வரைந்த வரைபடம் அது.