எது முதலில் வந்தது?

பீப்பாயின் இடுப்பில் ஓர் ஆரஞ்சு நிறப் பட்டை. ஏஜென்ட் ஆரஞ்சு என்ற பெயர் அந்தப் பட்டையிலிருந்து வந்ததுதான். உள்ளே இருந்தது 2,4-டி, 2,4,5-டி என்ற இரண்டு களைக்கொல்லிகளின் சரிபாதிக் கலவை. இரண்டாவதைத் தயாரிக்கும்போது டிசிடிடி என்ற டையாக்சினும் வேண்டாத விருந்தாளியாக அதில் சேர்ந்துகொண்டது. 1962 முதல் 1971 வரை 'ரேஞ்ச் ஹேண்ட்' என்ற நடவடிக்கையில் வியட்நாமின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் அமெரிக்க விமானப்படை தெளித்த களைக்கொல்லிகள் சுமார் 1.9 கோடி காலன். அதில் பாதிக்கு மேல் ஆரஞ்சு.

காடுகளுக்கு என்ன ஆனது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னை இழுத்தது அதற்குப் பிறகு வந்த கோப்புகளின் கதை. போரிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாய்க்கு முப்பது வருஷம் கழித்து சுகர் வருகிறது. அதற்கு யார் பொறுப்பு? பிறகு அந்த சுகரால் கிட்னி போகிறது. அதற்கு யார் பொறுப்பு?

முதல் கேள்விக்கே பதில் கிடைக்கப் பல வருஷம் ஆனது. 1984இல் ரசாயன நிறுவனங்கள் 18 கோடி டாலர் தந்து முன்னாள் சிப்பாய்களின் வழக்கை முடித்துக்கொண்டன. அரசு தரப்பிலோ, முன்னாள் படைவீரர் நலத்துறை 1985இல் ஒரு விதி கொண்டுவந்தது. அந்த விதி டையாக்சினோடு தொடர்புடையதாக ஒப்புக்கொண்ட நோய் ஒன்றே ஒன்று: குளோராக்னி என்ற தோல் கொப்புளம். மற்றதற்கெல்லாம் "இதனால்தான் வந்தது" என்ற நிரூபணம் வேண்டும்.

நேமர் என்ற பெயரால் அறியப்படும் வழக்கில் 1989இல் நீதிபதி தெல்டன் ஹெண்டர்சன் அந்த விதியைச் செல்லாதது என்றார். காரண காரிய நிரூபணத்தை நாடாளுமன்றம் கேட்கவே இல்லை, புள்ளியியல் தொடர்பு இருந்தால் போதும் என்பது தீர்ப்பின் சாரம். கேட்க நுணுக்கமான சட்டச் சண்டை மாதிரி இருக்கும். ஆனால் ஒரு தனி மனிதனின் உடம்பில் இந்த நோய் எந்த மூலக்கூறால் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கூட்டத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தெளிக்கப்பட்ட கூட்டத்தில் நோய் அதிகமா, இல்லையா? 'நிரூபணம்' கேட்பதும் 'கிடையாது' என்று சொல்வதும் இங்கே ஒன்றுதான்.

1991இல் ஏஜென்ட் ஆரஞ்சு சட்டம் வந்தது. அதன் மையத்தில் இருப்பது 'அனுமானம்'. வியட்நாமில் பணியாற்றியிருந்தால் நஞ்சுக்கு ஆளானதாக வைத்துக்கொள்வோம். பட்டியலில் உள்ள நோய் வந்தால் அந்தப் பணியால் வந்ததாக வைத்துக்கொள்வோம். பட்டியலில் எது சேர வேண்டும் என்பதற்கு, தேசிய அறிவியல் கழகம் ஆய்வுகளைத் தொடர்ந்து அலசிச் சொல்லும். ஆதரவான சான்றும் எதிரான சான்றும் சமமாக நின்றால்கூட சிப்பாய் பக்கம் சாய வேண்டும்.

நீரிழிவு இந்தப் பட்டியலுக்குள் நுழைந்த விதம் சுவாரசியமானது. 2000இல் அறிவியல் குழு டைப் 2 நீரிழிவுக்கு 'வரம்புக்குட்பட்ட, சூசகமான சான்று' உண்டு என்றது. அதே மூச்சில், கூடுதல் ஆபத்து இருந்தாலும் உடல் பருமன், குடும்ப வரலாறு போன்ற காரணங்களோடு ஒப்பிட்டால் அது சிறியதாகவே தெரிகிறது என்றும் சொன்னது. தெளிப்பு விமானங்களில் பறந்தவர்களின் ரத்தத்தை விமானப்படையே ஆண்டுக்கணக்கில் சோதித்து வந்தது. டையாக்சின் அளவு கூடக்கூட நீரிழிவும் கூடுவது அதில் தெரிந்திருந்தது. 2001 மே மாதம் அரசு விதியை வெளியிட்டது. அறுபதை நெருங்கும் ஆண்களிடம் சர்வசாதாரணமாக வரும் ஒரு நோய், ஒரே நாளில் போர்க்காயமானது.

இரண்டாவது கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. சுகர் தனியாக வருவதில்லை. நம் வீடுகளில் "சுகர் வந்தா ஒவ்வொண்ணா வரும்" என்பார்கள். கூடுதல் சர்க்கரை ரத்தக்குழாய்களை அரிக்கிறது. விழித்திரையின் நுண்குழாய்கள் கசிகின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் தழும்பேறுகின்றன. பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன. செருப்பு கடித்த புண் தெரியாமலே வளர்ந்து, கடைசியில் விரலை எடுக்க வேண்டியதாகிறது.

இவற்றுக்கு அமெரிக்கச் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'இரண்டாம் நிலை' பாதிப்பு. பணியால் வந்ததாக ஏற்கப்பட்ட நோயின் விளைவாக வேறொரு நோய் வந்தால் அதுவும் பணியால் வந்ததே. 1995இல் ஆலன் வழக்கு இதை விரிவாக்கியது: முதல் நோய் இரண்டாவதை உண்டாக்க வேண்டியதுகூட இல்லை, ஏற்கனவே இருந்ததை மோசமாக்கியிருந்தால் அந்தக் கூடுதல் அளவுக்கு இழப்பீடு உண்டு.

ஆனால் பட்டியலின் அனுமானம் முதல் படியோடு நின்றுவிடுகிறது. அடுத்த படியை சிப்பாய்தான் காட்ட வேண்டும். "இல்லை என்பதற்கு எவ்வளவு வாய்ப்போ குறைந்தது அவ்வளவாவது உண்டு" என்று ஒரு மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஐம்பதுக்கு ஐம்பது போதும். அந்த ஐம்பதை எழுதித்தர ஆள் கிடைக்காதவருக்கு க்ளெய்ம் இல்லை.

என் தொழிலில் ஒரு பிழை வந்தால் எது எதை அழைத்தது என்று வரிசையாகத் தேடிப் போவோம். லாக் இருக்கும், ஒவ்வொரு வரிக்கும் நேரம் குறித்திருக்கும். உடம்புக்கு லாக் கிடையாது. ரத்தக்கொதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது பல ஆண்டுகள் பட்டியலில் இல்லை. ஆகவே சிப்பாய்கள் அதை நீரிழிவின் இரண்டாம் நிலையாகக் கேட்டார்கள். அப்போது எழுந்த கேள்வி: எது முதலில் வந்தது? பிபி மாத்திரை 1996இல் எழுதப்பட்டு, சுகர் 1999இல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் மூன்று வருஷம் பின்னால் வந்தது எப்படி முன்னால் இருந்ததை உண்டாக்கும் என்று கேட்டு மறுத்துவிடலாம். ஆனால் டைப் 2 நீரிழிவு சத்தமில்லாமல் பல வருஷம் உடம்பில் குடியிருக்கக்கூடியது. கண்டுபிடித்த தேதி வேறு, வந்த தேதி வேறு. கோப்புக்குத் தெரிந்ததோ கண்டுபிடித்த தேதி மட்டும். ரத்தக்கொதிப்புக்குப் போதுமான சான்று இருக்கிறது என்று அறிவியல் குழு 2018இல் சொன்னது. அது பட்டியலில் ஏறியது 2022இன் பேக்ட் சட்டத்தில். போருக்குப் போன இருபது வயதுப் பையன்கள் அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார்கள்.

க்ளெய்ம் ஜெயித்தாலும் ஒரு கணக்கு காத்திருக்கிறது. ஒருவருக்குக் கிட்னிக்கு 60 சதவீதம், சுகருக்கு 20, நரம்புக்கு 20 என்று இயலாமை கொடுத்தால் கூட்டுத்தொகை 100 என்று நாம் நினைப்போம். அங்கே அப்படியில்லை. 60 போனால் மிச்சம் 40 சதவீத மனிதன். அந்த நாற்பதில் 20 சதவீதம் 8, ஆக 68. மிச்சமுள்ள 32இல் 20 சதவீதம் சுமார் 6, ஆக 74. அதைப் பக்கத்துப் பத்துக்கு மாற்றினால் 70. ஃபங்ஷனாக எழுதினால் நாலு வரி, தர்க்கத்திலும் பிழையில்லை. ஒரு மனிதன் நூறு சதவீதத்துக்கு மேல் இழக்க முடியாதுதானே! ஆனால் டயாலிசிஸ் வாசலில் நிற்பவர் மரத்துப்போன காலால்தான் அங்கே நடந்து வந்திருக்கிறார். இரண்டாவது நோய் முதலாவதைவிட லேசாக வலிக்கும் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

இத்தனை குறைகளோடும் இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அதன் அடித்தளம். சந்தேகத்தின் பலன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு உண்டு என்று கேட்டிருக்கிறோம். நோயாளிக்கும் அது உண்டு என்று ஓர் அரசு எழுதிவைத்திருக்கிறது. எழுதவைத்தவர்கள் அந்தச் சிப்பாய்கள்.

அந்த நிழல் எதுவரை விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வியட்நாமியர்கள் தொடுத்த வழக்கை புரூக்ளின் நீதிமன்றம் 2005இல் தள்ளுபடி செய்தது. 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ள மறுத்தது. அதன் பிறகு அமெரிக்கா தா நாங் விமான நிலைய மண்ணைச் சுத்தம் செய்ய உதவியது; வியட்நாமில் உடற்குறை உள்ளவர்களுக்கும் பணம் தந்திருக்கிறது. ஆனால் "காரணம் எதுவாக இருந்தாலும்" என்ற பொது உதவியாகத் தந்திருக்கிறது.

அதே மருந்து, அதே ஆற்றங்கரை, ஒரே வருஷம். அங்கே ஓராண்டு பணியாற்றிவிட்டு விமானம் ஏறியவருக்குக் காரணம் அனுமானிக்கப்படுகிறது. அங்கேயே தங்கி அந்த மீனையும் வாத்தையும் சாப்பிட்டவருக்குக் காரணம் கேட்கப்படுவதே இல்லை. டையாக்சின் கொழுப்பில் தங்கும் நஞ்சு, ஆண்டுக்கணக்கில் போகாது. யார் கொழுப்பில் தங்குகிறோம் என்று அது பாஸ்போர்ட் பார்ப்பதில்லை.